மூட்டை அதே, வாங்குபவர் மட்டும் வேறு

ஸ்காபரோவில் எந்தத் தமிழ்ப் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தாலும், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் மைசூர்ப் பருப்பு அடுக்கியிருக்கும். தேங்காய்ப்பால் விட்டு, பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் தாளித்து இறக்கும் பருப்புக்கறி ஊரிலிருந்து கூடவே வந்த ருசி. பருப்பு மட்டும் இந்த நாட்டுடையது. உலகிலேயே அதிகமாக மைசூர்ப் பருப்பை ஏற்றுமதி செய்வது கனடாதான். அதில் மிகப் பெரும்பங்கு சஸ்கச்சுவான் மாகாணத்துச் சமவெளியில் விளைகிறது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி யாழ்ப்பாணத்துச் சட்டிக்குப் போகும் பருப்பிலும் கணிசமான பங்கு இங்கிருந்து கப்பலேறியதுதான்.

கனடாவின் வர்த்தகம் பற்றி இப்போது நடக்கும் பேச்சை இந்தப் பருப்பிலிருந்தே தொடங்கலாம்.

2025 மார்ச் 4இல் அமெரிக்கா கனடியப் பொருட்களுக்கு 25 சதவீத வரி விதித்தது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் விதிகளுக்குள் அடங்கும் பொருட்களுக்குச் சில நாட்களிலேயே விலக்குக் கிடைத்தது. உருக்குக்கும் அலுமினியத்துக்கும் கிடைக்கவில்லை. ஜூன் 4 முதல் அவற்றின் மீதான வரி 50 சதவீதமாக ஏறியது. ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை ஒரே அயல்வீட்டுக்கு விற்றுவந்த நாட்டுக்கு இது பெரிய அடி. அமெரிக்காவுக்கு வெளியேயான ஏற்றுமதியைப் பத்து ஆண்டுகளில் இரட்டிப்பாக்குவோம் என்று பிரதமர் மார்க் கார்னி அந்த ஒக்டோபரில் அறிவித்தார். நல்ல இலக்குத்தான். ஆனால் யாருக்கு விற்பது என்ற பரபரப்பில், எதை விற்பது என்ற கேள்வி அமுங்கிப்போகிறது.

பருப்பு விவசாயிகளுக்கு அமெரிக்கா ஒருபோதும் முதன்மைச் சந்தையாக இருந்ததில்லை. அவர்கள் இந்தியாவுக்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் விற்றவர்கள். இன்று எல்லோரும் போகச் சொல்லும் வழியில் அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். என்ன நடந்தது? 2017 நவம்பரில் இந்தியா மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீத வரி போட்டது. அடுத்த மாதமே மைசூர்ப் பருப்புக்கும் கடலைக்கும் 30 சதவீதம். 2025 மார்ச்சில், வொஷிங்டனின் வரி வந்து மூன்று வாரம் ஆகுமுன், சீனா கனடியப் பட்டாணிக்கும் கனோலா எண்ணெய்க்கும் 100 சதவீத வரி விதித்தது. வாங்குபவர் மாறினார், விற்பவரின் நிலை மாறவில்லை. கனடாவின் மூட்டை வேண்டாமென்றால் ஆஸ்திரேலியாவின் மூட்டை இருக்கிறது, ரஷ்யாவின் மூட்டை இருக்கிறது.

ஹார்வர்டைச் சேர்ந்த ரிக்கார்டோ ஹவுஸ்மனும் சேசர் ஹிடால்கோவும் 2009இல் விற்பவரின் இந்த நிலையை அளக்க ஒரு வழி சொன்னார்கள். ஒரு நாடு எத்தனை வகைப் பொருட்களை ஏற்றுமதி செய்கிறது, அந்தப் பொருட்களை வேறு எத்தனை நாடுகளால் செய்ய முடியும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. மற்றவர் எளிதில் செய்ய முடியாததைச் செய்பவரிடம் அறிவு திரண்டிருக்கிறது என்று பொருள். அப்படி நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலில் ஜப்பான் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றான கனடா அண்மைய ஆண்டுகளில் 40ஆவது இடத்தை ஒட்டி நிற்கிறது. ஆஸ்திரேலியா இன்னும் கீழே, 100ஆவது இடத்தை ஒட்டி. இந்த இரண்டு நாடுகளிலும் வாழ்க்கைத்தரத்துக்குக் குறைவில்லை. ஆகவே அந்த எண் ஒரு நாட்டின் தலையெழுத்தல்ல. ஆனால் பக்கத்து நாட்டின் ஒரு கையெழுத்தில் ஒரு மாகாணமே கலங்கும்போது அந்த எண் சொல்வது புரிகிறது.

ஒன்ராறியோ இந்தப் பாடத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை கசப்புடன் படித்தது. ரொறன்ரோவுக்கு வடக்கே சுமார் 400 கிலோமீற்றரில் இருக்கிறது சட்பரி. 1883இல் பசிபிக் ரயில் பாதைக்காகப் பாறையை உடைத்தபோது அங்கே தாது தென்பட்டது. பின்னர் அது உலகின் நிக்கல் களஞ்சியமானது. ஆனால் சட்பரியில் நடந்தது உருக்கும் வேலை மட்டும். அரைகுறையாகச் சுத்தமான உலோகக் கலவை ரயிலேறி நியூ ஜேர்சியின் பேயோன் நகருக்குப் போனது. தூய நிக்கல் அங்கே பிறந்தது. 1916 ஜூலையில் டொய்ச்லாந்து என்ற ஜேர்மன் வணிக நீர்மூழ்கி பால்ற்றிமோர் துறைமுகத்துக்கு வந்து, திரும்பும்போது நிக்கலை ஏற்றிச் சென்றது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. கனடியப் படையினரோ ஐரோப்பாவின் போர்முனையில் செத்துக்கொண்டிருந்தார்கள். சட்பரியின் உலோகம் தங்கள் பிள்ளைகள் மீதே குண்டாகத் திரும்புகிறது என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பின் விளைவாக, 1918இல் ஈரி ஏரிக்கரையின் போர்ட் கோல்போர்னில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது.

ஆலையைக் கட்டு என்று அதட்டினால் போதும் என்று இதைப் படிப்பது அவசரம். சட்பரியிலேயே இன்னொரு கதையும் இருக்கிறது. 1928இல் தொடங்கப்பட்ட பல்கன்பிரிட்ஜ் நிறுவனத்திடம் தாது இருந்தது; அதைச் சுத்திகரிக்கும் மின்பகுப்பு முறைக்கான காப்புரிமை வட அமெரிக்காவில் போட்டி நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆகவே 1929இல் அது நோர்வேயின் கிறிஸ்டியன்சாண்ட் நகரில், அதே முறையில் இயங்கிய ஆலையை வாங்கியது. நிறுவனம் கைமாறி இன்று கிளென்கோரிடம் இருக்கிறது. சட்பரியின் உலோகம் இன்னமும் அத்திலாந்திக்கைக் கடந்து அந்த ஆலைக்குத்தான் போகிறது. அந்த நகரில் ஒரு நிக்கல் சுரங்கமும் இல்லை. அங்கே இருப்பது தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வேதியியல். கப்பலின் திசையைத் தீர்மானித்தது அதுதான்.

கைத்திறன் மனிதர்களோடு பயணிக்கும், வரவேற்றால் தங்கும். சஸ்கச்சுவானின் பருப்பே அதற்குச் சாட்சி. அமெரிக்காவிலிருந்து வந்த அல் ஸ்லிங்கார்ட் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் உழைத்து 1978இல் வெளியிட்ட லெயர்ட் ரகம்தான் கோதுமைச் சமவெளியில் இந்தப் பயிரை நிலைநிறுத்தியது. அப்போதும் முழுப் பருப்பாகவே பெரும்பகுதி ஏற்றப்பட்டது. தோல் நீக்கி உடைப்பது துருக்கியில், வளைகுடாவில், கொழும்பில். துருக்கியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் முராத் அல்-காதிப் 2003இல் றெஜைனாவில் உடைக்கும் ஆலை தொடங்கினார். ஆறு ஆண்டுகளில், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட துருக்கிய ஆர்பெல் நிறுவனமே அவர் நிறுவனத்தோடு இணைந்தது. நிலமும் மழையும் கனடாவுடையவை. உடைக்கும் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தவர் ஒரு குடியேறிய குடும்பத்தின் மகன்.

ரொறன்ரோவிலும் இப்படித் திரண்ட அறிவு ஒன்று உண்டு. சுங்கக் கணக்கில் அது தெரிவதில்லை. உலகின் பட்டியலிடப்பட்ட சுரங்க நிறுவனங்களில் சுமார் 40 சதவீதம் இந்த நகரப் பங்குச்சந்தையிலும் அதன் வென்ச்சர் சந்தையிலும் இருக்கின்றன. ஒவ்வொரு மார்ச்சிலும் ஃப்ரண்ட் வீதி மாநாட்டு மண்டபத்தில் 25,000க்கும் அதிகமான சுரங்கத்துறையினர் கூடுகிறார்கள். இந்த அறிவும் அடிபட்டுக் கற்றதுதான். இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கமலை கண்டதாகச் சொன்ன, கனடாவின் பிறீ-எக்ஸ் நிறுவனத்தின் மாதிரிகளில் தங்கம் வெளியிலிருந்து தூவப்பட்டது என்பது 1997இல் அம்பலமானது. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்புக் கரைந்தது. 2001இல் புதிய விதி வந்தது: தாது இருப்பு பற்றிய ஒவ்வொரு அறிவிப்புக்கும் தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். சுரங்கம் எந்தக் கண்டத்தில் இருந்தாலும், ரொறன்ரோவில் பணம் திரட்ட வருபவர் இதற்குக் கட்டுப்பட வேண்டும். இதைப் போன்ற அறிவை வளர்ப்பதே கனடாவின் வர்த்தகக் கொள்கையின் நடுநாயகமாக இருக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் நம்மவர் கதையும் வருகிறது. மொறட்டுவையிலும் பேராதனையிலும் கிண்டியிலும் பொறியியல் படித்துவிட்டு இங்கே பண்டகசாலையில் பெட்டி தூக்கியவர்களை ஸ்காபரோவில் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமம் பெறக் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை 2023 மே மாதத்தில்தான் நீங்கியது. ஒரு தலைமுறைக்குக் காலம் கடந்துவிட்டது. நிலத்தடிக் கனிமத்துக்கு வரைபடம் போடும் நாடு, வீதியில் நடமாடும் அறிவுக்கு ஒரு கணக்கும் வைத்ததில்லை.

இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது தண்டர் பேயிலிருந்து வடகிழக்கே சுமார் 500 கிலோமீற்றரில் உள்ள 'நெருப்பு வளையம்'. குரோமைற்றும் நிக்கலும் அங்கே கண்டறியப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. போக வீதி இல்லை. 2025 ஜூனில் ஒன்ராறியோ நிறைவேற்றிய சட்டம், குறித்த வலயங்களில் வழக்கமான சட்டங்களிலிருந்து விலக்களிக்க அரசாங்கத்துக்கு இடம் தருகிறது. முதற்குடிகள் பலர் எதிர்த்தார்கள். ஆனால் வெபெக்வி, மார்ட்டன் ஃபோல்ஸ் முதற்குடிச் சமூகங்கள் வீதித் திட்டங்களைத் தாமே முன்னெடுக்கின்றன. ஆகவே அங்கே எல்லோர் கருத்தும் ஒன்றல்ல. வீதி பொதுப்பணத்தில் போடப்படுமானால், தாது எங்கே சுத்திகரிக்கப்படும், அந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் உலோகவியலும் புவியியலும் படித்து அந்த ஆலைக்குள் போவார்கள் என்பது முதல் லொறி ஓடுமுன் எழுத்தில் வர வேண்டும். அதற்கும் முன்னால் இன்னொன்று. அதே வட்டாரத்தின் நெஸ்கன்டாகா முதற்குடிச் சமூகத்தில், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்று 1995இல் வந்த அறிவிப்பு 2025இலும் நீங்கவில்லை. முப்பது ஆண்டுகளாகக் குடிக்கத்தக்க குழாய்த் தண்ணீரைக் கொடுக்க முடியாத அரசாங்கங்கள், எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலில் நின்று வீதிக்குச் சம்மதம் கேட்கும்?