தகப்பன் கைரேகையும் பிள்ளையின் "பவரும்"

வயது முதிர்ந்த தாய் தகப்பன்மார்களிடம் "பவர்" எழுதி வாங்கிக்கொள்ளுவது என்பது நமது நாட்டில் இப்போது மிகச் சாதாரணமான சங்கதியாகிவிட்டது. திருவண்ணாமலையிலோ, போளூரிலோ, செங்கத்திலோ பத்திரப் பதிவு ஆபீசு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். நடக்க முடியாத கிழவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்குவார்கள், விரலைப் பிடித்து இயந்திரத்தின் மேல் அழுத்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்து மறுபடியும் ஏற்றிக்கொண்டு போவார்கள். "எதற்கையா ரேகை வைத்தீர்?" என்று கேட்டால், "பையன் வைக்கச் சொன்னான், வைத்தேன்" என்பார். அடுத்த பௌர்ணமிக்கு அந்தப் பையன் 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவந்து கற்பூரம் கொளுத்துவான். பக்தியில் ஒரு குறையும் சொல்லமுடியாது!

நிற்க, பவர் என்பது வாஸ்தவத்தில் என்ன? நம் பாட்டன்மார்கள் அதை முக்தியார் என்று சொன்னார்கள். ஒருவர் தம்முடைய காரியத்தைத் தம் சார்பில் பார்க்கும்படி இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்தான் அது. அதாவது கொடுத்தவர் எஜமான், வாங்கினவர் காரியஸ்தர். பிள்ளையாயிருந்தாலும், மருமகனாயிருந்தாலும் காரியஸ்தர்தான். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி எஜமான் கேட்டபோது காரியஸ்தர் கணக்குக் காட்டியாகவேண்டும். சாதாரண பவரை எஜமான் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்து செய்ததைக் காரியஸ்தருக்கும் பாங்கிக்கும் தெரிவித்துவிடவேண்டும். தெரிவிக்காதவரையில் பழைய பவரை நம்பி அவர்கள் செய்த காரியம் செல்லும். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? பவர் வாங்கிய அன்றே பிள்ளை எஜமானாகிவிடுகிறான். தகப்பன் வெற்றிலைபாக்குக்குக் காசு கேட்டு நிற்கிறார். "கணக்கு என்ன ஆச்சுடா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று வீடு அதிரக் கத்துகிறான். கணக்குக் கேட்பது சட்டம் கொடுத்த உரிமை, நம்பிக்கையின்மை அல்ல என்று அந்தக் கிழவருக்கு எந்தப் பத்திர எழுத்தர் சொல்லுகிறார்?

இதைவிடப் பெரிய பித்தலாட்டம் ஒன்று உண்டு. "பவர்தானப்பா" என்று சொல்லி தான செட்டில்மெண்டில் ரேகை வாங்கிவிடுவது. பவரில் நிலம் தகப்பனுடையதாகவே இருக்கும். செட்டில்மெண்டில் அது அன்றைக்கே கைமாறிவிடும். ஆகவே, எழுத்து வாசனை இல்லாத பெரியோர்கள் பிள்ளையல்லாத வேறொருவரைக்கொண்டு பத்திரத்தை வரிவரியாய்ப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் விரலை நீட்டக்கூடாது. அப்படி எழுதித்தான் கொடுப்பதென்றால், "என்னைக் கடைசிவரை சோறு போட்டுக் காப்பாற்றவேண்டும்" என்ற நிபந்தனையை அந்தப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுக்க இடமிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். பவரைக் கொண்டு பிள்ளை நிலத்தை விற்கப்போனால், பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். உயிரோடிருக்கிறாரா என்று கேட்க ஆள் இருக்கிறது. சாப்பிட்டாரா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இதனால் பிள்ளைகள் எல்லாம் திருடர்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் கருதவேண்டாம். யோக்கியமாய்த் தாய் தகப்பனைத் தூக்கி வளர்க்கும் பிள்ளைகளும் பெண்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் நமது சட்டம் பெரிய அநியாயம் செய்கிறது. எப்படியென்றால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலும் பவர் தீர்ந்தது. அவருக்குப் புத்தி பேதலித்தாலும் தீர்ந்தது. தகப்பன் தெளிவாயிருக்கும் வரையில் அவர் காரியத்தை அவரே பார்த்துக்கொள்ளக்கூடும். மறதி நோய் வந்து, மகனையே "நீ யாரப்பா?" என்று கேட்கும்போதுதான் பவர் உண்மையில் வேண்டும். அந்தச் சமயத்தில் அது செல்லாக் காசாகிவிடுகிறது! மழை இல்லாதபோது குடை கொடுத்து, மழை வந்ததும் பிடுங்கிக்கொள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் என்ன செய்வது? கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். 1987-ம் வருஷத்து மனநலச் சட்டத்தில் சொத்துக்கு மேற்பார்வையாளர் நியமிக்க வழி இருந்தது. 2017-ல் வந்த புதுச் சட்டத்தில் அந்த வழி விடப்பட்டுப்போயிற்று. 2024-ல் நினைவிழந்து கிடந்த புருஷனுடைய சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள்தான் அவரையே காப்பாளராக நியமித்தார்கள். சென்னைக்குப் போய் வக்கீல் வைக்கக்கூடியவருக்கு இது சரி. தண்டராம்பட்டில் இரண்டு ஏக்கர் மணிலா போடுகிறவர் என்ன செய்வார்? இங்கிலாந்தில் புத்தி மாறினாலும் செல்லுகிற பவருக்கு 1985-லேயே சட்டம் செய்தார்கள். நம் தமிழர்கள் ஏராளமாய் வாழும் சிங்கப்பூரில் 2008-ல் செய்தார்கள். நமது சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இருப்பவர்களுக்கெல்லாம் தாய் தகப்பன் இல்லையா என்று கேட்கின்றோம்.

சட்டம் ஒருபக்கம் இருக்க, நம் ஜனங்களின் மூடத்தனம் ஒருபக்கம். "உயிரோடிருக்கும்போதே உயில் எழுதுவது அபசகுனம், ஆயுசு குறையும்" என்று சொல்லித் தள்ளிப்போட்டே புத்தி தெளிவாயிருக்கும் காலத்தையெல்லாம் வீணாக்கிவிடுகிறார்கள். இதற்கு இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. 1896-ல் எல்லாவற்றையும் உதறிவிட்டு இந்த மலைக்கு வந்தவர் என்று கொண்டாடப்படுகிறவர் ரமண ரிஷி. ஆசிரமம் பெருகிற்று, நிர்வாகம் யாருடையது என்று கோர்ட்டு வழக்கும் வந்தது. 1938 மார்ச்சில் அவர் உயில் எழுதிவைத்தார். தம்பி நிரஞ்சனானந்த சுவாமியும் அவருக்குப் பின் அந்தத் தம்பி குடும்பத்தாரும் நிர்வாகம் பார்ப்பது என்று ஏற்பாடு. கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு கிழித்தார். துறந்தவர் சொத்தும் வம்சத்துக்கே போகலாமா என்பது வேறு சங்கதி. எழுதினபின் அவருக்கு ஆயுசு குறைந்ததா? 1950 ஏப்ரல் 14 வரை, 12 வருஷம் உயிரோடிருந்தார். உலகமே மாயை என்றவர் பத்திரத்தை மாயை என்று விட்டுவிடவில்லை. இரண்டு மாடும் ஒரு கிணறும் வைத்திருக்கிற நமக்கு என்ன கேடு?

அன்றியும், பவர் என்றால் ஆண்பிள்ளைக்குத்தான் என்று ஏன் இருக்கவேண்டும்? பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டில் தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் அநேகர். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் அது சட்டமாகிவிட்டது. ஆனால் கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ளுவது மகளும் மருமகளும். பாங்கிப் புஸ்தகம் மட்டும் மகன் பெட்டியில். யார் பார்க்கிறார்களோ அவர்கள் பேருக்குப் பவர் எழுதுங்கள். இல்லாவிட்டால் மகன், மகள் இருவருக்கும் கூட்டாக எழுதுங்கள். பென்ஷன் வாங்க மட்டும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்து எழுதவேண்டாம். வெறும் பணம் எடுப்பதற்குப் பல சமயம் பவரே தேவையில்லை. கையெழுத்துப் போட முடியாத நோயாளிக்குக் கைப்பெருவிரல் அல்லது கால்பெருவிரல் ரேகை வாங்கி, பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவர் உள்பட இரண்டு சாட்சிகளைக் கொண்டு பணம் கொடுக்க ரிசர்வ் பாங்கி உத்தரவே இருக்கிறது. மானேஜரைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கனவே எழுதிக்கொடுத்துவிட்டு இப்போது சோற்றுக்குக் கஷ்டப்படுகிறவர்கள் விதி என்று உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை. புத்தி தெளிவாயிருந்தால் பதிவு ஆபீசில் பவரை ரத்து செய்து, நகலைப் பாங்கிக்கு அனுப்புங்கள். பராமரிப்புப் பணத்துக்குக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போட 2007-ம் வருஷத்துச் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலுள்ள தோழர்கள் எழுதிக்கொடுத்து, ஆபீசு வரையில் கூடவே போய்வரவேண்டும்.