வாசலுக்கு ஒரு பிடி காப்பு



மார்கழி முடியப் போகிறது. கடைத்தெருவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணங்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கின்றன. துடைத்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். ஆடிக்கும் தைக்கும் ஒரே மாதிரி தொங்குகிற தோரணம் வாசலுக்கு எதற்கு?

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் போகியன்று காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் அநேகமாக இருக்கும். மாவிலை, தும்பை, துளசி, பிரண்டை ஆகியவை ஊருக்கு ஊர் கூடும், குறையும். வாசல் நிலை, கூரை எரவாணம், மாட்டுக் கொட்டகை, கிணற்றடி, விளைந்த காட்டின் மூலை என்று ஓரிடம் விடாமல் செருகுவார்கள். வீட்டையும் வெள்ளாமையையும் நோய்நொடி அண்டக்கூடாது என்ற நம்பிக்கை.

ஆவாரை வறண்ட மேட்டுநிலத்துச் செடி. பூளை, வேலியோரத்திலும் தரிசிலும் தானாக முளைப்பது. மழை ஓய்ந்த ஈரத்தில் இரண்டும் பூத்துக் குலுங்கும் நேரம் இது. கலித்தொகையில் மடலேறத் துணிந்த காதலன் சூடிக்கொள்ளும் பூக்களில் இவ்விரண்டும் உண்டு. அன்றைக்கும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டான்!

ஒரு பிடி கட்டிப் பாருங்களேன். முழங்கை நீள வேப்பங்கொத்தை அடியில் வையுங்கள். அதன்மேல் ஆவாரை, விரிந்த பூவை விட மொட்டு நிறைந்த கொத்தே நல்லது, விரிந்தது சீக்கிரம் வாடிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் பூளை. கணுவுக்குக் கணு பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும் அந்த வெள்ளைக் கதிர், காய்ந்தாலும் லேசில் உருக்குலையாது. அடிக்காம்புகளைச் சேர்த்து முதலில் ஒரு ரப்பர் பேண்டு, பிறகு சணல். காம்பு காயக் காயச் சுருங்கும். சணல் மட்டும் போட்டால் நாலாம் நாள் பிடி நழுவிவிடும். அடுக்குமாடி வீட்டில் எரவாணத்துக்கு எங்கே போவது என்பவர்கள் கம்பிக் கதவின் மூலையில் கட்டலாம்.

கூடவே மாவிலைத் தோரணமும் வேண்டுமென்றால், காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்துப் போட்டு ஈர்க்குத் துண்டால் தையுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம். கழற்றி வீசிய தோரணத்தை மாடு தின்னும். கம்பி அதன் வயிற்றுக்குள் போகும்.

செடி பக்கத்தில் இருந்தால் வேரோடு பிடுங்காமல் நறுக்கி எடுங்கள், விதைக்கும் நாலு கதிரை விட்டுவையுங்கள். இல்லையென்றால், போகிக்கு முந்தின நாள் சந்தையில் கட்டாகவே விற்பார்கள். ஒன்றிரண்டு டீ குடிக்கிற காசுதான். அதிலும் பேரம் பேசாதீர்கள். காடுமேடு அலைந்து பறித்துவந்தவர்களின் கூலி அது.

ஏற்கெனவே பிளாஸ்டிக் தோரணம் வாங்கிவிட்டீர்களா? கிழியும்வரை பயன்படுத்துங்கள். தயவுசெய்து போகித் தீயில் மட்டும் போடாதீர்கள்.

உங்கள் ஊரில் காப்பில் என்னென்ன சேர்ப்பீர்கள், எந்தெந்த இடத்தில் கட்டுவீர்கள் என்று ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இனிய பொங்கல் வாழ்த்துகள்!

அன்புடன்,
ஆசிரியர்