கெட்ட வார்த்தையாக மட்டும் தெரிந்த உடம்பு

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லயனில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நம் சேரிப் பிள்ளைகளும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவார்கள். போன மாதம் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அண்ணா, எங்கம்மா வயித்துல பாப்பா இருக்குது. அது உள்ள எப்படிப் போச்சு? எந்த வழியா வெளிய வரும்?" மற்றதுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கணக்கு நோட்ட எடு" என்றேன்.

அகமணம், தீட்டு, பெண்ணடிமை என்று மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிற ஆள் நான். ஒரு குழந்தை கேட்டதும் வாயடைத்துப் போனேன். அந்த வெட்கத்திலிருந்துதான் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன்.

"பிஞ்சு மனசு கெட்டுப்போகும்" என்கிறார்கள். யாருடைய பேச்சு இது? அப்பா அம்மாவுக்குத் தனி அறை, பிள்ளைக்குத் தனிக் கட்டில் என்று வாழ்கிறவர்களின் பேச்சு. லயனில் ஒரே அறைதான். அடுப்பும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். வலி எடுத்து வண்டி வர நேரமானால் பிரசவமும் அங்கேதான். நம் பிள்ளைகள் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல. இருட்டில் எல்லாம் அவர்கள் காதில் விழுகிறது. விழுந்ததற்கு அர்த்தம் சொல்லத்தான் ஆளில்லை.

எனக்கு உடம்பின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தது யார்? வீடு இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. காப்பிப் பழம் எடை போடுகிற இடத்தில் நின்ற கணக்கன். எடை குறைந்தால் என் அம்மாவின் உறுப்பைச் சொல்லித் திட்டுவான். அந்தச் சொல்லோடு சாதிப் பெயரும் சேர்ந்தே வரும். அப்படித்தான் நான் அந்தச் சொல்லைக் கற்றேன். நான் பிறந்து வந்த வழிக்கு என் மொழியில் இருந்த ஒரே பெயர், என் தாயை அவமானப்படுத்த ஒருவன் எறிந்த பெயர். இன்றும் நம் பிள்ளைகளுக்கு உடம்பு வசவாகத்தான் அறிமுகமாகிறது. வேறு சொல் நாம் கொடுக்கவில்லை.

சொல் இல்லாமல் போனால் என்ன ஆகும்? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயனில் ஒரு சிறுமி திடீரென்று ஸ்டோர் பக்கம் போகமாட்டேன் என்று அழ ஆரம்பித்தாள். "ஏன்டி?" என்றால் பதில் இல்லை. வேலைக்குச் சோம்பல் என்று அடி விழுந்தது. அங்கே இருந்தவன் அவளை என்ன செய்தான் என்பது எங்களுக்குத் தெரிய வருஷங்கள் ஆயின. அவளுக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் கெட்ட வார்த்தைகள். சொன்னால் அதற்கும் அடி விழும். அவள் வாயைக் கட்டியது அவன் மட்டுமல்ல, நாமும்தான்.

இந்த மௌனத்தை ஒழுக்கம் என்று நம்புகிற தோழர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம் என்று காட்டினார். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமித் திருமணம் எல்லாம் அந்த வேலியைக் காக்க வந்தவை என்றார். பெண்ணின் கருப்பையைக் காவல் காக்காமல் சாதி நிற்காது. தன் உடம்பு தனக்கே தெரியாத பெண்ணைக் காவல் காப்பது சுலபம்.

பம்பாயில் ர.தோ. கார்வே 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழை நடத்தினார். வாசகர்களின் பாலியல் கேள்விகளுக்குப் பதில் எழுதியதற்காக அவர் மீது ஆபாச வழக்கு பாய்ந்தது. 1934இல் அவருக்காக வாதாட நீதிமன்றத்தில் நின்றவர் நம் அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று வாதாடினார். வழக்கு தோற்றது, கார்வேக்கு அபராதம் விழுந்தது. ஆனாலும் 1953இல் சாகும்வரை அவர் இதழை நிறுத்தவில்லை.

இனி நம் கதை. 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றியும், பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்வது பற்றியும் குஷ்பு ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னார். தமிழ்ப் பண்பாடு கெட்டுப்போயிற்று என்று துடைப்பத்தோடு தெருவுக்கு வந்தவர்களில் பா.ம.க. மட்டும் இல்லை, விடுதலைச் சிறுத்தைகளும் இருந்தார்கள். அந்த நவம்பரில் அவர் ஆஜரானது இதே சேலம் மாவட்டத்து மேட்டூர் நீதிமன்றத்தில். அழுகிய முட்டையும் தக்காளியும் பறந்தன. 23 புகார்களையும் 2010இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1934இல் அம்பேத்கர் நீதிமன்றத்துக்கு உள்ளே யாருக்காக நின்றார்? 2005இல் நம்மவர்கள் வெளியே யாரோடு நின்றார்கள்? கேட்க வேண்டிய கேள்வி இது. எதிரி கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுவிடுவோம்.

அரசு வந்து சொல்லித்தரும் என்று காத்திருக்க முடியாது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வியைத் தடுத்தன. 2009இல் வெங்கய்யா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்றது. 2012இல் போக்சோ சட்டம் வந்தது, நல்லது. ஆனால் குழந்தை வாய் திறந்து சொன்னால்தானே சட்டம் அசையும்? சொல்லவே சொல் இல்லாத குழந்தைக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே மாலைப் பள்ளி நடத்துகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்கிறேன். கை, கால் என்று சொல்லித்தருகிற அதே குரலில் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லுங்கள். மாதவிலக்கு தீட்டு இல்லை என்பதைப் பையன்களையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். "உன் உடம்பு உன்னுது. நீ வேணாம்னா வேணாம்தான். மாமாவா இருந்தாலும் சரி, மேஸ்திரியா இருந்தாலும் சரி, தோழரா இருந்தாலும் சரி" என்று சொல்லுங்கள். தோழரை விட்டுவிடாதீர்கள். 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். முதலில் தாய்மார்களோடு பேசுங்கள். எதிர்ப்பு வரும், வரட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கரும்பலகையில் கருப்பையை வரைந்தேன். அப்பாவின் விந்தும் அம்மாவின் முட்டையும் சேர்ந்து குழந்தை உண்டாவதையும், அது வெளியே வருகிற வழியையும் சொன்னேன். குரல் நடுங்கத்தான் செய்தது. யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது கெட்ட வார்த்தை இல்லியா?" என்றாள்.

இல்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வயது ஆகிவிட்டது. உங்களுக்கு ஆக வேண்டாம்.