குடுவைச் செடியும் கிணற்று ஜலமும்

பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடியைத் தோட்டத்தில் வளர்க்க வேண்டுமென்னும் ஆவல் அநேகருக்கு உண்டு. விலை கொடுத்து வாங்கிவந்த செடி இரண்டொரு மாதம் செழித்திருந்து, பிறகு குடுவைகள் கருகி, புதுக் குடுவை தோன்றாமல் மடிந்துபோவதும் சாதாரணம். "இது குளிர்ந்த மலைச் செடி, வேலூர் வெயிலைத் தாங்காது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். வெயில் ஒரு காரணமே. ஆனால் முதற்காரணம் அன்று. செடியைக் கெடுப்பவை பெரும்பாலும் கிணற்று ஜலமும், செழிக்கட்டுமென்று ஆசையோடு இடப்படும் எருவுமே ஆகும். இதை அறிவது ஒரு செடியைக் காப்பதோடு நில்லாமல் நிலத்துக்கும் உபயோகமாகும்.

இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி ஓர் இனமே. மேகாலயத்திலுள்ள காசி, ஜயந்தியா, காரோ மலைகள் அதன் இருப்பிடம். 'நெபந்தஸ் காசியானா' என்னும் அதன் சாஸ்திரப் பெயர் 1873-ல் ஹூக்கர் என்னும் தாவர நிபுணரால் இடப்பட்டது. இலங்கையில் வேறோர் இனம் உண்டு. தமிழ்நாட்டில் ஏற்காட்டிலுள்ள இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் தோட்டத்தில் காசி மலைச் செடி வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது. பூச்சி தின்னும் செடிகளும் இந்நாட்டுக்குப் புதியவை அல்ல. வைத்தியர்கள் அழுகண்ணி என்று வழங்கும் சிறு பூண்டு தன் இலையிலுள்ள பசைத் துளிகளால் பூச்சியைப் பிடிப்பதே.

குடுவையைப் பூவென்று எண்ணுவோர் பலர். அது பூவன்று, இலை நுனியிலிருந்து நீளும் கொடியின் முனை பருத்து உண்டான பாத்திரம். வாயோரத்துத் தேனை நாடிவரும் பூச்சி வழுக்கி உள்ளே விழுந்து, அங்குள்ள திரவத்தில் ஜீரணமாகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைந்த மண்ணில் வாழ்வதால், மண்ணில் கிடைக்காததைச் செடி இவ்வழியாகத் தேடிக்கொள்கிறது. இத்தகைய செடிக்கு யூரியாவோ தொழு எருவோ இட்டால், இலை பருத்துக் குடுவை நின்றுபோகும், வேரும் கருகும். நெல்லுக்கு நன்மையானது இதற்குத் தீமை.

ஜலத்தின் விஷயமும் அதுவே. இதற்கு வார்க்கும் ஜலத்தில் லிட்டருக்குக் கரைந்த உப்புகள் 100 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நலம். மனிதர் குடிக்கும் ஜலத்துக்கே இந்திய தர நிர்ணயம் 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. பாலாற்றுப் பகுதியில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி ஜலம் கெட்ட வரலாற்றை விவரிக்க வேண்டியதில்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க இட்ட உப்பு, தோலை ஊறவைக்கும்போது கழிவோடு சேர்ந்து நிலத்தில் இறங்கிற்று. 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவரே பரிகாரச் செலவை ஏற்க வேண்டுமென்று இப்பகுதியைப் பற்றிய வழக்கிலேயே தீர்ப்பளித்தது. ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில் அந்தக் கழிவின் தொல்லை இல்லை என்று கொண்டாலும், பாறை நிலத்துக் கிணற்றில் சுண்ணாம்பும் உப்பும் இயற்கையாகவே இருக்கக்கூடும். ஆதலால் எங்கும் மழை ஜலமே உத்தமம்.

அதைச் சேமிப்பது கஷ்டமன்று. 10 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் விழும். சேதம் போக 80 லிட்டராவது கிடைக்கும். ஒரு செடிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 183 லிட்டர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பீப்பாயை நிரப்பிக் கொசு புகாமல் மூடிவைத்தால் அடுத்த மழை வரை காணும்.

தொட்டிக்கு வயல் மண் ஆகாது. தென்னை நார்த்தூளில் உப்பு இருப்பதால் அதை மழை ஜலத்தில் மூன்று நான்கு முறை அலசிப் பிழிந்து, கரித்துண்டும் கழுவிய பருமணலும் கலந்து நிரப்ப வேண்டும். எப்போதும் ஈரம் இருக்கலாம், ஜலம் தேங்கலாகாது. காலை வெயில் படவும், உச்சி வெயிலும் மேல்காற்றும் தாக்காமலும், நிழல் வலையின் கீழ் ஈரக்காற்று உள்ள இடத்தில் வைப்பது நலம். அமிர்தியின் ஓடைக்கரைத் தோப்புகள் இதற்கு ஏற்றவை. ஆம்பூர் மொட்டை மாடி ஏற்றதன்று.

பூப்பதற்குப் பொறுமை வேண்டும். செடி சில ஆண்டுகள் வளர்ந்து, தண்டு கொடியாக ஏறிய பின்பே, போதிய வெளிச்சம் கண்டு, நுனியில் சிறு பூக்கள் நிறைந்த கதிர் விடும். கொடியை அடிக்கடி கத்தரிப்பவர் பூவைக் காணமாட்டார். ஆண்பனை, பெண்பனை போல இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே செடியிலிருந்து வெட்டிய போத்துகள் யாவும் ஒரே பாலாகவே இருக்கும். ஆகையால் விதை வேண்டுவோர் அயலாரோடு போத்துகளை மாற்றிக்கொண்டு, ஆண் பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் பெண் பூவின் சூல்முடியில் தடவ வேண்டும்.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்கள் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம். காசி மலைச் செடி 1972-ஆம் வருஷத்து வனஜீவிகள் பாதுகாப்புச் சட்டத்தில் குறிக்கப்பட்ட தாவரம். லைசென்ஸின்றி அதைப் பயிரிடுவதும் விற்பதும் குற்றம். காட்டிலிருந்து பெயர்த்த செடியை வாங்குவோர், சுரங்கங்களால் ஏற்கெனவே குறைந்துவரும் ஓர் இனத்தை மேலும் குறைக்கிறார்கள். நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும் 'வெந்த்ராட்டா' முதலிய கலப்பினங்கள் உஷ்ணத்தை ஓரளவு தாங்குபவை, அவையே போதும்.

இது செல்வர்களின் விளையாட்டு, குடியானவனுக்கு இதனால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். பணலாபம் ஏதுமில்லை என்பதே உண்மை. ஆனால் உப்பு ஜலம் நெல்லையும் தென்னையையும் சிறுகச் சிறுகக் கெடுக்கிறது. விளைச்சல் இறங்கிய பிறகே கணக்குத் தெரிகிறது. குடுவைச் செடியோ சில மாதங்களிலேயே சொல்லிவிடுகிறது. அது வாடியதால் கிணறு பயிருக்கு உதவாதென்று முடிவு செய்யலாகாது. நெல் தாங்கும் உப்பை அது தாங்காது. ஆயினும் ஒரே ஜலம் ஒரு செடியைக் கொல்வதைக் கண்ணாரக் கண்ட பட்டாதாரர், தம் கிணற்று ஜலத்தை ஒரு புட்டியில் எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகத் தயங்கமாட்டார். பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ மழை ஜலப் பீப்பாயோடு ஒரு குடுவைச் செடி வைக்கப்படுமானால், ஊராருக்கு அது பல பிரசங்கங்கள் செய்யாத காரியத்தைச் செய்யும்.