பாடத்திட்டத்துக்கு எல்லாரும்... பணத்துக்கு 2 பேர்: கல்லூரி நிர்வாகத்தில் ஆசிரியர்களுக்கு இடம் எங்கே?

காலை நேரம் சோமனூரில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் தறிச் சத்தம். இன்னொரு பக்கம் கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ், ரயில் பிடிக்க ஓடும் மாணவர்கள். தறிக்கூலியை நம்பியிருக்கும் பல வீடுகளில் பட்டம் வாங்கப் போகும் முதல் ஆள் இவர்கள்தான்.

அவர்கள் படிக்கும் கல்லூரியில் என்ன கோர்ஸ் இருக்கணும், எந்த கோர்ஸை மூடணும், ஃபீஸ் எவ்வளவு, யாரை வேலைக்கு எடுக்கணும் என்பதையெல்லாம் முடிவு செய்வது யார்? அந்த முடிவில் பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் பங்கு இருக்கிறதா? 2025 அக்டோபரில் தமிழகத்தில் எழுந்த ஒரு சர்ச்சை இந்தக் கேள்வியை மறுபடியும் கிளப்பிவிட்டது.

என்ன நடந்தது?

தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2019-ல் வந்தது. புதிதாக ஒரு தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் நிலம் தேவை என்றது அந்தச் சட்டம். 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்த மசோதா இந்த அளவைக் குறைத்தது. மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி மற்றும் பேரூராட்சிப் பகுதியில் 35 ஏக்கர், மற்ற இடங்களில் 50 ஏக்கர் இருந்தால் போதும் என்றது.

இதைவிட முக்கியமான இன்னொரு அம்சமும் அதில் இருந்தது. ஏற்கெனவே இயங்கிவரும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாற அந்த மசோதா வழி திறந்தது. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இதில் வந்துவிடும் என்று ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. ஏ.யு.டி., மூட்டா போன்ற சங்கங்களோடு அரசியல் கட்சிகளும் எதிர்ப்பு தெரிவித்தன. அதே மாதத்திலேயே, மசோதா மறு ஆய்வு செய்யப்படும் என்று உயர்கல்வித் துறை அமைச்சர் கோவி. செழியன் அறிவித்தார்.

ஆசிரியர்கள் ஏன் பயந்தாங்க?

அரசு உதவி பெறும் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் தருவது அரசு. அதனால்தான் அங்கே உதவி பெறும் பிரிவில் ஃபீஸ் குறைவு. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தால் ஃபீஸ் எகிறும். தறி ஓட்டும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

அடுத்தது, 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். 1975-ல் அவசரச் சட்டமாக வந்து, மறு ஆண்டு சட்டமானது. அதுவரை கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை வைத்ததே சட்டம் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. 1976 சட்டம் இரண்டு முக்கிய விஷயங்களைச் செய்தது:

• கல்லூரியை நிர்வகிக்க ‘கல்லூரிக் குழு’ வேண்டும். அதில் முதல்வரும் மூத்த பேராசிரியர்களும் இடம்பெற வேண்டும் என்றது.

• உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது என்றது.

இரண்டாவது பாதுகாப்பு இல்லாமல் முதலாவது வேலை செய்யாது. வேலை போய்விடும் என்ற பயத்தோடு கமிட்டியில் உட்காரும் ஆசிரியர் எதிர்த்துப் பேச மாட்டார் இல்லையா? கல்லூரி பல்கலைக்கழகமாக மாறிவிட்டால் இந்தச் சட்டத்தின் நிழல் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் ஆசிரியர்களின் கேள்வியாக இருந்தது.

இப்போ எங்கே இடம் இருக்கு?

தன்னாட்சிக் கல்லூரி முறை தமிழகத்தில் 1978-ல் தொடங்கியது. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி அந்த முதல் வரிசையில் வந்த ஒன்று. இப்படிப்பட்ட கல்லூரிகளில் ஆசிரியர்களின் பங்கு எப்படி என்பதை யுஜிசி விதிமுறைகள் சொல்கின்றன.

• பாடத்திட்டக் குழு: துறைத் தலைவர்தான் தலைவர். துறை ஆசிரியர்கள், வெளி நிபுணர்கள், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் ஆகியோர் உறுப்பினர்கள். இங்கே ஆசிரியர் கை ஓங்கியிருக்கும்.

• கல்விக் குழு: எல்லாத் துறைத் தலைவர்களும் உண்டு. மற்ற ஆசிரியர்களில் நான்கு பேருக்கும் இடம் உண்டு.

• ஆட்சிக் குழு: நிதி, புதிய கோர்ஸ் போன்ற பெரிய முடிவுகள் வருவது இங்கேதான். தனியார் கல்லூரியில் நிர்வாகத் தரப்பிலிருந்து 5 பேர். ஆசிரியர்கள் 2 பேர். அந்த இருவரையும் பணிமூப்பு பார்த்து முதல்வரே நியமிப்பார்.

அதாவது, என்ன பாடம் நடத்தணும் என்று பேசும் மேஜையைச் சுற்றி ஆசிரியர்கள் நிறைய. பணம் பற்றிப் பேசும் மேஜையில் இரண்டே நாற்காலி. அதுவும் சக ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியது கிடையாது. பணிமூப்பு பார்ப்பதால், சுயநிதிப் பிரிவில் குறைந்த சம்பளத்தில் இருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு அந்த நாற்காலி எட்டாது.

நிர்வாகத் தரப்பு வாதம் என்ன?

நிலம் கொடுத்து, கட்டடம் கட்டி, நஷ்டம் வந்தால் தாங்குவது அறக்கட்டளைதான். தங்கள் சம்பளத்தைத் தாங்களே முடிவு செய்யும் இடத்தில் ஆசிரியர்கள் இருப்பது சரியா என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

சட்டத்திலும் ஓர் எல்லை உண்டு. கல்லூரி ஆட்சிக் குழுவில் 3 ஆசிரியர் பிரதிநிதிகள் கட்டாயம் என்று குஜராத் அரசு 1970-களின் தொடக்கத்தில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அகமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கில், அது சிறுபான்மைக் கல்லூரிகளுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 1974-ல் தீர்ப்பளித்தது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் சமுதாயக் கல்லூரிகள் அதிகம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறைய வரும் இடம் அது. 1988-ல் வந்த ஒரு சட்டம் அங்கே நிலைமையை மாற்றியது. ஆசிரியர்களின் செனட் சபையைக் கலந்துகொள்ளாமல் பாடத்திட்டம், மதிப்பெண் கொள்கை போன்ற விஷயங்களில் கல்லூரி வாரியம் முடிவெடுக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது இதுதான்: பட்ஜெட் எப்படித் தயாராக வேண்டும் என்ற நடைமுறையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடைசி முடிவு வாரியத்துடையது. ஆனால் கேட்காமல் முடிவெடுக்க முடியாது.

சோமனூருக்குத் தெரிந்த பாடம்

இந்த விஷயம் சோமனூருக்குப் புதுசு கிடையாது. கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறி உரிமையாளர்கள் 2025 மார்ச், ஏப்ரலில் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். கூலி உயர்வு மட்டும் போதாது, போடும் ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும் என்றார்கள். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பது ஒன்று, அங்கே பேசியது நடைமுறைக்கு வருவது வேறொன்று என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். கல்லூரி ஆசிரியர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

அடுத்து என்ன?

மறு ஆய்வுக்குப் பிறகு மசோதா மீண்டும் வந்தால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உதவி பெறும் கல்லூரிகள் அதில் இருக்கின்றனவா? இரண்டு, அப்படி மாறும் கல்லூரியில் பழைய ஃபீஸும் உதவி பெறும் இடங்களும் நீடிக்குமா? மூன்று, பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் ஆசிரியர்களுக்கு எத்தனை இடம், அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்?

மூன்றாவது கேள்வி ஆசிரியர் சங்கங்களின் உள்விவகாரம் மாதிரித் தெரியலாம். ஆனால் ஒரு கோர்ஸை மூடுவது, ஃபீஸை ஏற்றுவது என்ற பேச்சு முதலில் வருவது அந்த மேஜைக்குத்தான். சோமனூரிலிருந்து பஸ் ஏறும் பிள்ளைக்காக அங்கே உட்கார்ந்து பேச, வகுப்பில் தினமும் அவனைப் பார்க்கும் ஒருவராவது வேண்டும்.