மேஜைக்கு அடியில் ஒரு கை

1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், தன்னைப் பிடித்துக் கொடுத்துப் பணம் பெற வந்திருக்கும் கிரீடோ என்பவன் நீட்டிய துப்பாக்கிக்கு எதிரே, ஒரு மதுக்கடை மூலையில் அமர்ந்து, சற்றும் பதற்றமின்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஹான் சோலோவின் ஒரு கை சுவரை அலட்சியமாகச் சுரண்டிக்கொண்டிருக்க, மற்றொரு கை மேஜைக்கு அடியில் ஓசைப்படாமல் துப்பாக்கியை உருவிச் சுட்டுவிடுகிறது. கடைக்காரனுக்கு ஒரு நாணயத்தை வீசிவிட்டு அவன் நடக்கிறான். சுயநலத்தையே தர்மமாகக் கொண்ட இம்மனிதன், படத்தின் இறுதியில் நண்பனைக் காப்பாற்றத் திரும்பி வருவதன் அருமை முழுவதற்கும் அஸ்திவாரம் இந்த ஒரு காட்சியிலேதான் இருக்கிறது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல் வந்த திருத்திய பதிப்பில், படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கிரீடோவை முதலில் சுட வைத்தார்; மேஜைக்கு இந்தப் புறம் இருப்பவனை அந்தப் புறத்திலிருந்து சுட்டும் குறி தவறிப்போகிறது. ‘ஹான்தான் முதலில் சுட்டான்’ என்று சட்டையில் அச்சிட்டு அணியுமளவுக்கு ரசிகர்கள் கொதித்ததைச் சிறுபிள்ளைப் பிடிவாதம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. கதாபாத்திரத்தின் சுபாவமே அங்கே மாறிவிட்டது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள்.

சிருஷ்டிகர்த்தாவுக்குத் தன் படைப்பைத் திருத்தப் பூரண பாத்தியதை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாவலாசிரியன் இரண்டாம் பதிப்பில் எதை மாற்றினாலும் முதற்பதிப்பு நூல்நிலைய அலமாரியில் இருந்தே தீரும். திரைப்படத்துக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. 2006இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பழைய வடிவம் டிவிடியில் வந்தபோதுகூட, திருத்திய படத்தோடு சேர்த்துக் கொடுத்த உபரித் தட்டாக, தரம் குறைந்த நிலையில்தான் வந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசும் வழக்கத்தை எதிர்த்து, கலைச்செல்வங்களை வருங்காலச் சந்ததியாருக்குச் சிதையாமல் விட்டுச்செல்ல வேண்டுமென்று 1988இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன் உருக்கமாக வாதாடியவரும் இதே லூகாஸ்தான் என்பதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் அந்த வழியில் ஒருமுறை சென்றவரே. தம் ‘இ.டி.’ படத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்பில், சைக்கிளில் தப்பும் சிறுவர்களை மறிக்கும் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்து வாக்கி-டாக்கிகளை வைத்தார். துப்பாக்கியைக் கண்டு நெஞ்சம் பதறிய அந்தக் கணத்தில் சைக்கிள்கள் வானில் எழும்பியதனால் அல்லவா நாம் கண்ணீர் விட்டோம்? அவர் தவறை உணர்ந்து வெளிப்படையாக வருந்தினார். 2012இல் புளூ-ரே வெளியானபோது மூலப்படமே திரும்பி வந்தது. இதைவிடப் பெருந்தன்மையான திருத்தம் ஒன்றை நான் அறியேன்.

2025 ஜூன் மாதம் லண்டனில், பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் குளிர்க்கிடங்கில் பல்லாண்டுகள் பேணிவந்த, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 1977ஆம் ஆண்டு டெக்னிகலர் பிரதி ஒன்றை எடுத்துத் திரையிட்டது. டெக்னிகலர் முறைச் சாயம் எளிதில் மங்குவதில்லை. மேஜைக்கு அடியில் அந்தக் கை மறுபடியும் அசைந்தது. ஹான்தான் முதலில் சுட்டான்.