மழைக்கு முன் ஒரு மாதம்

புரட்டாசிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நாள்கள் வந்துவிட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணறுகளின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்து கிடக்கும் காலமும் இதுவே. மழை வரட்டும் என்று வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இம்மாதத்தை வீணே கழித்துவிடலாகாது.

முதல் மழை விழுந்ததும் கத்தரியையும் மிளகாயையும் நட்டுவிடப் பலர் துடிக்கின்றனர். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்தோம். ஐப்பசியில் நட்ட இருபது கத்தரிக் கன்றுகளும் கார்த்திகை வெள்ளத்தில் வேரழுகிச் சாய்ந்தன. அடுத்த வளவு மூதாட்டியார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, கார்த்திகை மழைக்குக் கத்தரி நிற்குமோ?" என்று கேட்டார். பட்டம் பெற்ற நம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலேயே நமக்குக் கிடைக்கின்றது. ஆகவே ஐப்பசிக் கடைசியில் நாற்றுமேடை போட்டு, மழை தணியும் மார்கழியில் நடுவதே முறை. மேடை ஒரு சாண் உயரமாயிருத்தல் வேண்டும். நான்கு தடி நட்டு மேலே கிடுகு பரப்பிவிட்டால் பெருந்துளிகள் நாற்றைச் சிதைக்கமாட்டா. விதையோடு சிறிது சாம்பல் தூவினால் எறும்பு அண்டாது. வெண்டியும் பயிற்றையும் பொறுமையற்றோருக்கு உரியவை. உயர்ந்த பாத்தியாயின் முன்மழைக்கே விதைக்கலாம்.

இனி, இம்மாதத்தின் முக்கிய வேலைக்கு வருவோம். பூவரசங் குழையையும் காவிளாயையும் வெட்டிப் பாத்தியிலே தாழ்த்துவதற்கு ஏற்ற காலம் இதுதான். முற்றத்துச் சருகைக் கூட்டித் தீயிடுவோர் தம் தோட்டத்தின் உணவையே எரிக்கின்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நம் அயலிற் பலர் குழை தாழ்த்தப் பழகினர். நவம்பரில் தடை தளர்ந்தது. உரப்பை மீண்டும் வந்தது. மண்வெட்டி மூலைக்குப் போய்விட்டது.

நான்கு பாத்திக்கு ஒரு சிரங்கை யூரியா போட்டால் என்ன கேடு என்று கேட்கலாம். நமக்கு ஆறு இல்லை, மலையூற்றும் இல்லை. மண்ணுக்குக் கீழே துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல்லே இருக்கின்றது. வளவிற் பெய்யும் மழை அதனூடாக இறங்கித்தான் கிணற்றுக்கு வருகின்றது. பயிர் உண்ணாத உரமும் அம்மழையோடு கரைந்து நைத்திரேற்றாக அங்கேயே போய்ச் சேரும். குடிநீரில் அதன் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். தாய்மார் இதைக் கவனிக்க வேண்டுகின்றோம்.

முற்றம் முழுவதும் சீமெந்து பூசி, கூரைநீரை வீதிக்கு ஓடவிடும் புது வழக்கமும் நமக்கு உவப்பன்று. அந்நீரை வளவுக்குள்ளேயே ஒரு குழிக்குத் திருப்புங்கள். கிணற்றடியிற் குளிக்கும் நீர் வாழைக்குப் போகட்டும். வாய்க்காலோரம் வல்லாரை தானாகவே படரும். சிரட்டைகளை மட்டும் கவிழ்த்து வையுங்கள். மழைக்குப் பின் டெங்கு நுளம்புக்கு அவை தொட்டில்.

ஆவணியிற் பொறுக்கிய பனங்கொட்டைகள் கோடிப்புறத்திற் குவிந்து கிடக்குமாயின், மாணவர்கள் இந்த ஞாயிறே பாத்தி கட்டி அடுக்கிவிடலாம். அதற்கு உரமும் வேண்டாம், நீரும் இறைக்க வேண்டாம். தைப்பொங்கல் கழிந்தபின் ஒரு மூலையைத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு முற்றியிருந்தால் அவித்துத் தின்றது போக எஞ்சியதைப் புழுக்கொடியலுக்குக் காயவிடலாம்.